'எனலாம்' எதனை அளக்கிறது? தமிழாய்வு உரைநடையில் வாய்ப்புநிலைக் கூற்றுகள்: திருச்சிராப்பள்ளி, திருவரங்கச் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு செய்தி உறுதியானதா, நிகழ்ந்திருக்க வாய்ப்புடையதா, வெறும் ஊகமா என்பதை வினைமுடிபாலேயே உணர்த்தும் வளம் தமிழுக்கு உண்டு. ஆயினும் தமிழாய்வு உரைநடையில் இவ்வேறுபாடுகள் 'எனலாம்' என்னும் ஒரே முடிபுக்குள் அடங்கிவிடும் போக்கு காணப்படுகிறது. ஆங்கிலத்தில் வாய்ப்புநிலையை உணர்த்தும் துணைவினைகளோடு தமிழ் முடிபுகளை ஒப்பிட்டு, திருச்சிராப்பள்ளி, உறையூர், திருவரங்கம் ஆகியவற்றின் வரலாற்றில் அடிக்கடி எடுத்தாளப்படும் சில முடிபுகளை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. சான்றின் தன்மைக்கேற்ப வினைமுடிபு அமைய வேண்டும் என்பதே இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: வாய்ப்புநிலை, ஐயம், தேற்றம், துணைவினை, அளவை, எனலாம், சிராப்பள்ளி, திருவரங்கம்.

முன்னுரை

ஆங்கில இலக்கணத்தைத் தமிழ்வழிக் கற்பிக்கும்போது 'மே' என்னும் துணைவினைக்கு 'லாம்' என்று பொருள் கூறுவது வழக்கம். 'அவன் வரலாம்' என்னும் தொடர் அவ்வகுப்பில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. அவன் வருவதற்கு இசைவு உண்டு என்பது ஒரு பொருள். அவன் வருவதற்கு வாய்ப்பு உண்டு என்பது மற்றொரு பொருள். 'மே' என்னும் சொல்லுக்கும் இவ்விரு பொருள்கள் உள்ளமையால் ஒப்பீடு பிழையன்று. ஆனால் இசைவும் வாய்ப்பும் வேறு வேறு என்பதை மாணவர் அங்கே உணராமற் போனால், அவ்வுணர்வின்மை பின்னாளில் அவர் எழுதும் ஆய்வேட்டிலும் தொடரும். வகுப்பறையில் அது மொழிபெயர்ப்புச் சிக்கல். ஆய்வேட்டில் அது சான்று பற்றிய சிக்கலாகிவிடுகிறது.

ஒரு கட்டுரையில் 'இருக்கலாம்' என்று எழுதப்பெற்ற செய்தி, அதனை மேற்கோள் காட்டும் அடுத்த கட்டுரையில் 'எனலாம்' ஆகி, மூன்றாவதில் 'ஆகும்' என்று முற்றுப்பெறுவதைத் தமிழாய்வைத் தொடர்ந்து வாசிப்போர் அறிவர். இடையில் புதிய சான்று எதுவும் சேர்ந்திராது. வினைமுடிபு மட்டும் மாறியிருக்கும். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இலக்கண மரபில் ஐயமும் தேற்றமும்

ஐயத்தையும் தெளிவையும் வேறுபடுத்திச் சொல்ல வேண்டும் என்பது தமிழுக்குப் புதிய கோரிக்கை அன்று. தொல்காப்பிய இடையியல் 'கொல்' என்னும் இடைச்சொல்லை ஐயத்திற்கும் 'மன்ற' என்பதைத் தேற்றத்திற்கும் உரியதாக்குகிறது. ஏகாரத்தின் பொருள்களுள் தேற்றமும், உம்மையின் எட்டுப் பொருள்களுள் ஐயமும் வைத்து எண்ணப்பட்டுள்ளன. 'மழை வரினும் வரும்' என்று இன்றும் நாம் பேசுவதில் அந்த ஐய உம்மை வாழ்கிறது.

கிளவியாக்கம் இதனினும் ஒருபடி மேலே செல்கிறது. தோன்றும் உருவம் ஆணா பெண்ணா என்னும் ஐயம் எழுந்தால் பால் பிரித்துச் சொல்லாமல் பன்மையால் சொல்ல வேண்டும். உயர்திணையா அஃறிணையா என்னும் ஐயம் எழுந்தால் 'உரு' முதலிய பொதுச்சொற்களைப் பயன்படுத்த வேண்டும். தொலைவில் தெரிவது மரக்குற்றியா மனிதனா என்று ஐயுறுவதை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகத் தருவர். அறியாததை அறிந்தது போலச் சொல்வது இம்மரபில் கருத்துப்பிழை மட்டுமன்று, மொழிவழுவும் ஆகும்.

சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியார் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றனுள் அடக்குகிறது. நேரே கண்டது, குறிகொண்டு ஊகித்தது, பிறர் சொல்லக் கேட்டுக்கொண்டது என அறிவின் வாயில்கள் மூன்று. இலக்கணம் தரும் ஐயம், தேற்றம் என்னும் பகுப்பையும் இவ்வளவைப் பகுப்பையும் சேர்த்து நோக்கினால், ஆய்வுரைநடைக்கு வேண்டிய கருவிகள் நம்மிடமே உள்ளன என்பது விளங்கும்.

இக்காலத் தமிழும் ஆங்கிலமும்

ஆங்கிலம் வாய்ப்புநிலையை உணர்த்த மூன்று அமைப்புகளைக் கையாள்கிறது. ஒன்று, 'மே', 'மைட்', 'குட்', 'மஸ்ட்' முதலிய துணைவினைகள். இரண்டு, 'பிராபப்லி', 'பெர்ஹாப்ஸ்' போன்ற வினையடைகள். மூன்று, 'லைக்லி' முதலிய பெயரடைகள் பயனிலையாக வரும் தொடர்கள். கடந்தகால நிகழ்வை ஊகிக்கும்போது துணைவினையை அடுத்து 'ஹேவ்' என்பதும் முடிவெச்ச வடிவமும் சேர்கின்றன. தமிழில் இதே இடத்தை 'வந்திருக்கலாம்', 'வந்திருக்கக்கூடும்', 'வந்திருக்க வேண்டும்' ஆகியவை நிரப்புகின்றன.

இவற்றுள் 'வேண்டும்' கருதத்தக்கது. 'அவர் அக்கல்வெட்டைப் படித்திருக்க வேண்டும்' என்னும் தொடர், படித்திருப்பது அவர் கடமை என்றும் பொருள்படும்; படித்தார் என்று ஊகிக்கச் சான்றுகள் உள்ளன என்றும் பொருள்படும். ஆங்கில 'மஸ்ட்' என்பதும் இவ்வாறே கடமையையும் ஊகத்தையும் சுமக்கிறது. இரு மொழிகளும் எதிர்மறையில்தான் பொருளைப் பிரித்துக் காட்டுகின்றன. ஊகப்பொருளில் 'மஸ்ட்' என்பதன் எதிர்மறையாக வழக்கமாக வருவது 'கான்ட்'. தமிழிலும் 'இருக்க வேண்டும்' என்னும் ஊகத்தின் எதிர்மறை 'இருக்க முடியாது' என்பதே; 'இருக்க வேண்டாம்' அன்று. 'கூடும்' என்பது உடன்பாட்டில் வாய்ப்பையும் ஆற்றலையும் குறிக்க, 'கூடாது' என்னும் எதிர்மறை விலக்கலைக் குறிக்கிறது. எனவே நிகழாமைக்கு வாய்ப்பு உண்டு என்று கூற விரும்புவோர் 'வராதிருக்கக்கூடும்' என்று முதல்வினையிலேயே எதிர்மறையை வைக்க வேண்டியுள்ளது.

'பிராபப்லி' என்பதற்கு ஈடாக நாம் எழுதும் 'பெரும்பாலும்' என்பதிலும் ஓர் இடர் உண்டு. 'இக்கோயில் கல்வெட்டுகள் பெரும்பாலும் சோழர் காலத்தவை' என்றால், எண்ணிக்கையில் மிகுதியானவை சோழர் காலத்தவை என்று பொருளா, அல்லது அனைத்துமே அக்காலத்தவை என ஊகிக்க வாய்ப்பு மிகுதி என்று பொருளா? தொடர் இதற்கு விடை தருவதில்லை. மிகுதி வாய்ப்பைக் குறிக்க 'வாய்ப்பு மிகுதி' என்றே எழுதுவது தெளிவு தரும்.

மறுபுறம், ஆங்கிலத் துணைவினைகளிடம் இல்லாத ஒன்று தமிழிடம் உண்டு. 'வந்தானாம்' என்னும் வழக்கில் உள்ள 'ஆம்', செய்தி பிறர்வாய்க் கேட்டது என்பதை ஓரசையால் உணர்த்திவிடுகிறது. எழுத்துத் தமிழில் இப்பணியைச் செய்வது 'என்பர்' என்னும் முடிபு. கேட்டது எவ்வளவு நம்பத்தக்கது என்பதை அது சொல்வதில்லை. கேட்டது என்பதை மட்டும் நேர்மையாகச் சொல்கிறது.

'எனலாம்' என்னும் முடிபு

'இருக்கலாம்' என்பதில் 'லாம்' இருத்தலோடு சேர்கிறது. ஆதலால் அது பொருளின் வாய்ப்பைப் பேசுகிறது. 'எனலாம்' என்பதிலோ அது என்னுதலோடு, அதாவது சொல்லுதலோடு சேர்கிறது. அப்படிச் சொல்வதற்கு இடமுண்டு என்பதே அதன் நேர்பொருள். சொல்லப்படும் செய்தி எவ்வளவு உறுதியானது என்பதை அது அளக்கவே இல்லை. 'கருதலாம்', 'கூறலாம்', 'கொள்ளலாம்' என்பனவும் இவ்வகையினவே. ஆய்வாளர் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ளும் இசைவு, வாசகருக்கு வாய்ப்புநிலை போலத் தோற்றமளிக்கிறது.

கட்டுரைக்கு ஆங்கிலச் சுருக்கம் எழுதும் வேளையில் இக்குறை வெளிப்படுகிறது. 'எனலாம்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அங்கே அது பொருளற்ற நிரப்பியாக நிற்கும். அதனை நீக்கினால் ஊகம் உண்மைக்கூற்றாகிவிடும். 'மே', 'மஸ்ட்', 'லைக்லி' ஆகியவற்றுள் ஒன்றைத் தேர வேண்டுமானால், தம் சான்றின் வலிமையை ஆசிரியர் அப்போதுதான் முதன்முறையாக எடைபோட வேண்டியிருக்கும். அவ்வெடை தமிழ்க் கட்டுரையிலேயே இடம்பெற்றிருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. 'எனலாம்' என முடியும் தொடரை எதிர்மறையாக்கி, 'அன்று எனலாம்' என்று எழுதிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில் ஏற்கத்தக்கனவாக இருந்தால், முதல் தொடர் எதையும் நிறுவவில்லை என்பது பெறப்படும்.

சிராப்பள்ளி என்னும் பெயர்

திருச்சிராப்பள்ளி என்னும் ஊர்ப்பெயருக்குப் பல விளக்கங்கள் வழங்குகின்றன. திரிசிரன் என்னும் மூன்று தலை அரக்கன் வழிபட்ட தலம் என்பது தலபுராண மரபு. மலைமீதுள்ள கற்படுக்கைகளோடு தொடர்புபடுத்தப்படும் சிரா என்னும் சமணத் துறவியின் பள்ளி என்பது மற்றொரு விளக்கம். யூல், பர்னெல் ஆகிய இருவரும் தொகுத்து 1886ஆம் ஆண்டு வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் சொற்களஞ்சியம், பதினாறாம் நூற்றாண்டுப் பாறைப் பொறிப்பு ஒன்றில் உள்ள வடிவத்தைக் கொண்டு 'திருச்சிலாபள்ளி' என்னும் மூலத்தை ஊகிக்கிறது.

மூன்றையும் 'எனலாம்' என்று முடித்துவிட்டால் மூன்றும் ஒரே நிலையினவாகத் தோன்றும். சான்றுகளை அளவை நோக்கில் பிரித்தால் நிலைமை மாறுகிறது. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரின் பதிகத்தில் 'சிராப்பள்ளி' என்னும் வடிவம் உள்ளது. இது காண்டல், 'உள்ளது' என்றே எழுதலாம். மலையில் கற்படுக்கைகள் இருப்பதும், பள்ளி என்னும் சொல் சமணர் உறைவிடத்தைக் குறித்து வழங்கியதும் காண்டலே. இவற்றிலிருந்து ஊர்ப்பெயர் சமணப் பள்ளியால் வந்தது என்பது கருதல். பள்ளி என்பதற்கு ஊர், உறங்குமிடம் முதலிய பொருள்களும் உண்டாதலின், 'வந்திருக்கக்கூடும்' என்பது பொருந்தும். 'வந்திருக்க வேண்டும்' என்பது சான்றை மீறியது.

'சிலா' என்னும் மூலத்திற்குக் காட்டப்படும் வடிவம், தேவார வடிவத்திற்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் பிற்பட்டது. எனவே அதற்கு 'ஒருவேளை இருக்கலாம்' என்பதே மிகுதி. திரிசிரன் கதை உரையளவை. 'என்பர்' என்று கூறி அமையலாம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயருக்கு முன் வழங்கும் 'திரிசிரபுரம்' என்பது, அக்கதை இலக்கிய வழக்கில் வேரூன்றியதைக் காட்டுமேயன்றி, பெயரின் தோற்றத்தைக் காட்டாது. பழைய வடிவத்தில் 'திரி' என்னும் பகுதி காணப்படாமையால், அக்கதை பெயரிலிருந்து பிறந்திருக்க வாய்ப்பு உண்டேயன்றிப் பெயர் கதையிலிருந்து பிறந்திருக்க வாய்ப்புக் குறைவு.

குடைவரைக் கல்வெட்டும் மன்னனின் சமயமும்

மலைமேலுள்ள பல்லவர் குடைவரையில் குணபரன் என்னும் பெயர்பெற்ற முதலாம் மகேந்திரவர்மனின் வடமொழிக் கல்வெட்டு உள்ளது. எதிர்நிலை ஒழுக்கத்திலிருந்து மீண்ட அறிவு இந்த இலிங்கத்தால் உலகில் பரவுக என்னும் கருத்து அதில் இடம்பெறுகிறது. பெரியபுராணத்தில் திருநாவுக்கரசர் வரலாற்றில் சமணம் சார்ந்த பல்லவ மன்னன் ஒருவன் சைவனாகி, திருவதிகையில் குணதரவீச்சரம் எடுத்த செய்தி வருகிறது. இரண்டையும் இணைத்து, மகேந்திரவர்மன் சமணத்திலிருந்து சைவத்திற்கு மாறினான் என்று பாடநூல்கள் வரை எழுதப்பட்டுள்ளது.

இம்முடிபின் படிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மன்னன் இலிங்கத்தை நிறுவினான் என்பது கல்வெட்டு. 'எதிர்நிலை' என்பது சமணம் என்பது கல்வெட்டில் இல்லை. அது பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காப்பியத்தின் துணைகொண்டு செய்த ஊகம். காப்பியம் கூறும் பல்லவன் மகேந்திரனே என்பது, குணபரன், குணதரன் என்னும் பெயர்களின் ஒப்புமையால் செய்த மற்றோர் ஊகம். இரண்டு ஊகங்கள் சேர்ந்தால் உறுதி கூடுவதாக எண்ணுவது இயல்பு. இரண்டும் தனித்தனிச் சான்றுகளாய் ஒரே முடிபை நோக்கினால் அது சரி. இங்கோ ஒன்று மற்றொன்றின்மேல் ஏறி நிற்கிறது. ஒன்று தளர்ந்தால் முடிபும் தளரும். ஆகவே இங்குப் பொருத்தமான முடிபு 'மாறியிருக்கக்கூடும்' என்பதே.

இக்கல்வெட்டை 1890ஆம் ஆண்டு தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்த ஹுல்ட்ஸ், அச்செய்யுளில் ஒரு சிலேடை இருப்பதைச் சுட்டியுள்ளார். இலிங்கம், விபட்சம் என்பன அளவை நூலின் கலைச்சொற்களும் ஆகும். புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதில் புகையே இலிங்கம், அதாவது குறி. நெருப்பு இல்லாத இடமாகிய நீர்நிலை விபட்சம். அங்கே புகை காணப்படாமை ஊகத்துக்கு வலுவூட்டுகிறது. சிலேடையை ஏற்றால் 'எதிர்நிலை' என்னும் சொல்லாட்சி அளவை நூல் நயத்திற்காகவும் வந்திருக்கலாம். அதைச் சமணம் என்று மட்டும் உறுதிபடக் கூறுவது மேலும் கடினமாகிறது. மேலே கூறிய எதிர்மறைச் சோதனையும் இந்த விபட்ச நோக்கின் எளிய வடிவமே: குறி, எதிர்ப்பக்கத்திலும் காணப்படுமாயின் அது குறியன்று.

உறையூர்த் தொட்டி

சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் உறையூரில் நடத்திய அகழாய்வில் செங்கல் தொட்டி அமைப்பு ஒன்று வெளிப்பட்டது. அது சாயத்தொட்டி என்று குறிப்பிடப்படுகிறது. கிரேக்க மொழிக் கடற்பயண நூலாகிய பெரிப்ளூஸ் கூறும் 'அர்காரு' உறையூரே என்றும், அங்கிருந்து மெல்லிய துணி ஏற்றுமதியாயிற்று என்றும் கொண்டு, தொட்டியையும் துணியையும் இணைப்பர். அகழ்ந்தோர் கண்டது தொட்டி. சாயம் என்பது பயன்பாடு பற்றிய கருதல். அர்காரு உறையூராதல் ஒலி, பொருள் ஆகிய இரண்டின் ஒப்புமையால் வாய்ப்பு மிகுந்தது. ஆனால் 'சாயத்தொட்டி' என்று பெயர்ச்சொல்லாகவே எழுதும்போது வினைமுடிபு இருந்த இடமே மறைந்துபோகிறது. 'இருக்கலாம்' என்று சொல்ல இடமின்றி ஊகம் பெயருக்குள் புகுந்துகொள்கிறது. 'சாயத்தொட்டியாக இருந்திருக்கக்கூடிய தொட்டி' என்பது நீண்ட தொடரே; ஆயினும் அது உண்மையான தொடர்.

திருவரங்கம்: உரையும் கல்லும்

கம்பர் தம் இராமகாதையைத் திருவரங்கத்தில் அரங்கேற்றினார் என்பது மரபு. தாயார் சன்னிதிக்கு எதிரேயுள்ள மண்டபம் அதற்குரிய இடமாகக் காட்டப்படுகிறது. அரங்கேற்றத்தைக் கூறுவன நூலோடு வழங்கும் தனியன்கள்; அவற்றுள் ஒன்று சக ஆண்டு 807, அதாவது கி.பி. 885 என்னும் காலத்தைத் தருகிறது. மொழிநடை, வரலாற்றுக் குறிப்புகள் முதலியவற்றைக் கொண்டு கம்பரைப் பன்னிரண்டாம் நூற்றாண்டினராகக் கொள்வோரும் உளர்.

இங்கு மூன்று கூற்றுகள் ஒன்றாய்ப் பின்னப்பட்டுள்ளன: அரங்கேற்றம் நிகழ்ந்தது, அது திருவரங்கத்தில் நிகழ்ந்தது, அது 885இல் நிகழ்ந்தது. காலத்தை மறுப்போர் இடத்தையும் மறுக்க வேண்டியதில்லை. இடத்தை ஏற்போர் காலத்தையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் 'கம்பர் 885இல் திருவரங்கத்தில் அரங்கேற்றினார் எனலாம்' என்னும் ஒற்றைத்தொடர் மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டிவிடுகிறது. 'திருவரங்கத்தில் அரங்கேற்றினார் என்பர். தனியன் ஒன்று தரும் காலம் 885. நூலின் மொழி பன்னிரண்டாம் நூற்றாண்டை நோக்கியும் வாதிக்க இடந்தருகிறது' எனப் பிரித்தெழுதினால் ஒவ்வொரு கூற்றும் தன் சான்றோடு நிற்கும்.

இதற்கு மாறாக, பதினான்காம் நூற்றாண்டுப் படையெடுப்பால் திருவரங்கத்தை நீங்கியிருந்த நம்பெருமாள் மீண்டும் எழுந்தருளியதை எடுத்துக்கொள்வோம். விசயநகரத் தலைவர் கோபண்ணர் அவரை மீட்டு எழுந்தருளச் செய்த செய்தியைத் திருவரங்கக் கோயில் கல்வெட்டு சக ஆண்டு 1293, அதாவது கி.பி. 1371 என்று காலத்தோடு பதிவு செய்துள்ளது. இங்கே 'எனலாம்' என்று எழுதுவது தேவையற்ற தயக்கம்; 'எழுந்தருளச் செய்தார்' என்பதே தகும். அப்படையெடுப்பில் உயிர்நீத்தோர் பன்னீராயிரவர் என்னும் எண்ணோ வைணவ மரபுரை. பேரிழப்பு நேர்ந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. அவ்வெண் துல்லியமானது என்பது வேறொன்று. முன்னதற்கு 'வேண்டும்' பொருந்தும். பின்னதற்கு 'என்பர்' பொருந்தும். எண்ணை ஐயுறுவது இழப்பை மறுப்பதாகாது என்பதை, வினைமுடிபைச் சரியாகத் தேர்ந்தால் வாசகரும் உணர்வர்.

எழக்கூடிய மறுப்பு

'எனலாம்' என்பது ஆய்வாளரின் பணிவைக் காட்டும் மரபுச்சொல் எனவும், அதனை நீக்குவது நடையை இறுக்கமாக்கும் எனவும் மறுப்பு எழக்கூடும். பணிவு வேண்டுவதே. ஆனால் அவையடக்கம் சொல்பவரைப் பற்றியது. ஐயம் சொல்லப்படும் பொருளைப் பற்றியது. அவையடக்கம் பாடிய புலவர் தம் நூலின் பொருளை ஐயுற்றார் என்று எவரும் கொள்வதில்லை. அதுபோலவே, ஐயத்திற்குரிய இடத்தில் பணிவை மட்டும் காட்டினால் ஐயம் சொல்லப்பட்டதாகாது. ஒரு வாதத்தின் இறுதியில், முன்னரே நிறுவிய செய்திகளைத் தொகுத்துரைக்கும் இடத்தில் 'எனலாம்' வருவதில் குற்றமில்லை. சான்றுக்கு மாற்றாக வருவதே குற்றம்.

முடிவுரை

வாய்ப்புநிலையை நுட்பமாகக் கூற ஆங்கிலத்திற்கே இயலும், தமிழுக்கு இயலாது என்னும் எண்ணம் ஆய்வுலகில் ஆங்காங்கே நிலவுகிறது. இரு மொழிகளின் துணைவினைகளும் ஒத்த இருபொருண்மைகளை உடையன என்பதையும், கேள்வியறிவைத் தனியே சுட்டும் வசதி தமிழுக்குக் கூடுதலாக உள்ளது என்பதையும் மேலே கண்டோம். குறை மொழியில் இல்லை, பழக்கத்தில் உள்ளது.

கண்டதற்கு 'உள்ளது', வலுவான குறிகள் ஒருமுகப்பட்டதற்கு 'இருந்திருக்க வேண்டும்', குறி உண்டு, மாற்றும் உண்டு என்றால் 'இருந்திருக்கக்கூடும்', ஒற்றை மெல்லிய குறிக்கு 'ஒருவேளை இருக்கலாம்', கேட்டதற்கு 'என்பர்', பொருந்தாததற்கு 'இருக்க முடியாது'. இவ்வளவையும் பொது நெறியாக ஏற்றால், ஆய்வேட்டை மதிப்பிடுவோர் முடிபை மட்டுமன்றி முடிபின் எடையையும் மதிப்பிட இயலும். மேற்கோள் காட்டுவோர் முன்னையோர் எழுதிய வினைமுடிபை மாற்றாமல் எடுத்தாள்வதை ஒரு நெறியாகக் கொள்ள வேண்டும். மாற்றினால், மாற்றத்திற்குக் காரணமான புதிய சான்றை அதே இடத்தில் காட்ட வேண்டும். தொலைவில் நிற்பது மரக்குற்றியா மனிதனா என்று தெரியாதபோது 'உரு' என்று சொல்லக் கற்பித்த மரபுக்கு, இந்நெறி புதிய சுமை ஆகாது.